பக்கத்து மரம், வேறு மகரந்தம்: ஓக் மரங்களுக்குள் ஏன் இத்தனை வித்தியாசம்?

ஓக் மரத்தின் ஆண் மஞ்சரி, கிளையிலிருந்து விரல் நீளத்துக்குத் தொங்கும் மஞ்சள்பச்சை நூல் மாதிரி இருக்கும். நூல் நெடுக மிகச் சின்னப் பூக்கள். அவை வெடிப்பதற்கு ஒரு நாள் முன்னால் நாலைந்து மஞ்சரிகளைப் பறித்து, கறுப்புத் தாளில் பரப்பி, காற்று அடிக்காத அறையில் ஒரு ராத்திரி விட்டுவிட்டால் போதும். காலையில் தாளைச் சாய்த்துத் தட்டினால் வெளிர்மஞ்சள் பொடி சரிந்து ஓடும். பத்தடி தள்ளி நிற்கும் இன்னொரு ஓக்கிலிருந்தும் இதேபோல எடுத்துப் பாருங்கள். அதே நிறம், அதே பொடி. வெறுங்கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

இரண்டு பொடியிலும் ஊசிமுனை அளவு எடுத்து, அலெக்ஸாண்டர் சாயத்தில் கலந்து, நுண்ணோக்கியின் கீழ் வைத்தால்தான் விஷயம் புரியும். முதல் மரத்தில் அநேகமாக எல்லாத் துகளும் கருஞ்சிவப்பாக, உப்பலாக நிற்கலாம். இரண்டாவது மரத்தில் சிவந்த துகள்களுக்கு நடுவே பச்சை நிறத்தில் சூம்பிப்போன ஓடுகள் கண்ணில் படலாம். நெல்லில் பதர் இருப்பதுபோல மகரந்தத்திலும் பதர் உண்டு. 1969-இல் வெளியான இந்தச் சாயமுறையின் சூட்சுமம் எளிது: மலக்கைட் பச்சை துகளின் சுவரைப் பிடிக்கும், அமில ஃபுக்சின் உள்ளே இருக்கும் உயிர்ப்பொருளைப் பிடிக்கும். உள்ளே சரக்கு இருந்தால் சிவப்பு. காலியாக இருந்தால் வெறும் பச்சை.

ஒரே இனம், ஒரே மண், ஒரே மழை. அப்படியிருக்க ஒரு மரம் ஏன் பதரை அதிகம் உதிர்க்கிறது? இந்தக் கேள்விக்குப் பல விடைகள் இருக்கின்றன. அவற்றில் சில மரத்தைப் பற்றியவை, சில அந்த வருட வானிலையைப் பற்றியவை. சில, அளந்தவருடைய கையைப் பற்றியவை. மூன்றையும் பிரித்தெடுக்காமல் “இந்த மரத்தின் மகரந்தம் மோசம்” என்று எழுதிவிடுவது அந்த மரத்துக்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். ஓக் காற்றை நம்பி வாழும் மரம். ஒரு மஞ்சரியே பல லட்சம் துகள்களை விடுகிறது. ஒரு பெரிய மரத்தில் எத்தனை ஆயிரம் மஞ்சரிகள்! இவ்வளவு வாரி இறைக்கிற மரத்துக்குப் பாதித் துகள் செத்துப்போனால்தான் என்ன? கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓக்கின் பெண் பூவைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்த்தால் கணக்கு மாறிவிடும்.

பெண் பூ, புது இலையின் கக்கத்தில் ஒளிந்திருக்கும் ஒரு சின்ன மொட்டு. அதன் நுனியில் பெரும்பாலும் மூன்று சூல்தண்டுகள். உள்ளே ஆறு சூல்கள் உருவாகும், ஆனால் பழுப்பது வழக்கமாக ஒன்றே ஒன்று. அதுதான் ஓக் கொட்டை. இன்னொரு விநோதம்: மகரந்தம் வந்து விழும் நாளில் அந்தச் சூல்கள் உருவாகி முடிந்திருக்காது. துகள் முளைத்துக் குழாய் விட்டு, சூல்தண்டுக்குள் கொஞ்ச தூரம் இறங்கி, அங்கேயே நின்று காத்திருக்கும். வெள்ளை ஓக் வகைகளில் இந்தக் காத்திருப்பு ஒன்றிரண்டு மாதம். சிவப்பு ஓக் வகைகளில் ஏறக்குறைய ஒரு வருடம்! இந்த வசந்தத்தில் வந்த மகரந்தம் அடுத்த வருடக் கோடையில்தான் கருவுறச் செய்யும், கொட்டை அந்த வருட இலையுதிர்காலத்தில் விழும். ஆகவே, சூல்தண்டின் நுனியான சூல்முடியில் இடம் பிடித்து, முளைத்து, காத்திருந்து, கடைசியில் ஒரே ஒரு சூலுக்காகப் பல குழாய்கள் போட்டியிடுகின்றன. அந்தப் போட்டியில் எந்த மரத்தின் துகள்கள் நல்ல நிலையில் வந்தனவோ, அந்த மரம்தான் அடுத்த தலைமுறைக்குத் தகப்பன். பதர் உதிர்க்கிற மரமும் காற்றில் தன் பங்கைக் கலக்கத்தான் செய்கிறது. கொட்டைகளில் மட்டும் அதன் பங்கு குறைந்துபோகும்.

சரி, பதர் எங்கே உருவாகிறது? மகரந்தப்பைக்குள்தான்.

ஆண் மஞ்சரியின் தொடக்கம் முந்தைய வருடமே மொட்டுக்குள் போடப்பட்டுவிடுகிறது. குளிர்காலம் முழுக்க அது உறங்கிக் கிடக்கும். வசந்தத்தில் மொட்டு உப்பும்போது மகரந்தத் தாய்செல்கள் குன்றல் பகுப்புக்கு உட்பட்டு ஒவ்வொன்றும் நான்கு நுண்வித்துகளாக, அதாவது பின்னால் மகரந்தத் துகளாக வளரப்போகிற செல்களாக, பிரியும். ஓக்கின் 24 குரோமோசோம்கள் 12 ஜோடிகளாகச் சேர்ந்து, பின் சரியாகப் பாதிப் பாதியாக விலக வேண்டும். ஒரு குரோமோசோம் பின்தங்கினாலும் அந்த நுண்வித்துக்குக் குறையுள்ள பங்குதான் கிடைக்கும். அது வளராமல் சுருங்கிப் போகலாம். இதெல்லாம் சில நாட்களுக்குள் நடந்து முடிகிற வேலை. அந்தச் சில நாட்களில் உறைபனி இறங்கினாலோ, திடீரென்று வெயில் கொளுத்தினாலோ பகுப்பு தடுமாறும்.

அடுத்த ஆபத்து டபீட்டம் என்ற திசுவில். மகரந்தப்பையின் உட்சுவரை ஒட்டியிருக்கும் இந்தத் திசுதான் வளரும் துகள்களுக்குப் பால் கொடுக்கிற தாய் மாதிரி. உணவு தருவதும் வெளிச்சுவருக்கு மூலப்பொருள் தருவதும் இதுதான். வேலை முடிந்ததும் தானாகவே சிதைந்து மறைய வேண்டும். முன்னதாகச் சிதைந்தால் துகள்கள் பட்டினி, தாமதமாகச் சிதைந்தாலும் கோளாறு. பல தாவரங்களில் வெப்பத்தால் மகரந்தம் மலடாவதற்கு டபீட்டத்தின் தடுமாற்றம் முக்கியமான காரணம்.

இப்போது பக்கத்துப் பக்கத்து மரங்களின் புதிருக்கு வருவோம். ஒரே காட்டில் ஓர் ஓக் மற்றொன்றைவிட ஒரு வாரமோ பத்து நாளோ முந்தித் துளிர்ப்பது சாதாரணம். மொட்டு விரியும் காலம் மரத்துக்கு மரம் மாறுவது, பெருமளவு மரபுவழியே வருவது. ஆக, ஏப்ரல் மாதத்தில் ஒரே ஓர் இரவு உறைபனி வந்தால், ஒரு மரத்துக்கு அது குன்றல் பகுப்பின் நடுவே வந்து விழும். பின்தங்கித் துளிர்க்கும் பக்கத்து மரத்துக்கு அந்த இரவு ஒன்றுமே இல்லை, அதன் மொட்டு இன்னும் மூடியே இருக்கிறது. அந்த வருடம் அளந்தால் முந்தித் துளிர்த்த மரத்தில் பதர் அதிகம். அடுத்த வருடம் பனி பத்து நாள் தள்ளி வந்தால் நிலைமை தலைகீழ். இரண்டு மரத்தின் மரபணுவும் மாறவில்லை, நாள்காட்டிதான் மாறியது. ஒரே வருட அளவீட்டை வைத்து மரங்களைத் தரம் பிரிப்பதை நான் நம்பாததற்கு இதுதான் முதல் காரணம்.

அதற்காக மரபு ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஓக் இனங்கள் தங்களுக்குள் தாராளமாகக் கலக்கும். ஐரோப்பாவின் காடுகளில் குவெர்கஸ் ரோபரும் குவெர்கஸ் பெட்ரேயாவும் ஒன்றாக வளரும் இடங்களில் இடைப்பட்ட இலை வடிவம் கொண்ட மரங்கள் நிறைய. கலப்பினம் என்றால் மகரந்தம் மலடாக இருக்கும் என்ற பொது நம்பிக்கையில், 1970-களில் பிரிட்டனில் இலை அளவுகளோடு மகரந்தத்தின் நிலையையும் சேர்த்துப் பார்த்துக் கலப்பினங்களை அடையாளம் காண முயன்றார்கள். முயற்சியில் அர்த்தம் இருந்தது, ஆனால் சாட்சி பலவீனமானது. ஓக் இனங்களில் அநேகமாக எல்லாவற்றுக்கும் குரோமோசோம் எண்ணிக்கை ஒன்றுதான், 24. எனவே கலப்பினத்திலும் ஜோடி சேர்வது பெரும்பாலும் ஒழுங்காகவே நடக்கும், மகரந்தமும் நன்றாகவே இருக்கலாம். மறுபக்கம், கலப்பே இல்லாத மரத்தில் ஓர் உறைபனி இரவு பதரைக் குவித்துவிடும். பதரைப் பார்த்துக் கலப்பினம் என்பது, இருமலைக் கேட்டு நோயின் பெயரைச் சொல்வது மாதிரி. இப்போது டி.என்.ஏ. குறிப்பான்கள் இருப்பதால் அந்தச் சுமை மகரந்தத்தின் தோளிலிருந்து இறங்கிவிட்டது. அபூர்வமாக மூன்று தொகுதி குரோமோசோம்கள் கொண்ட ஓக்கும் கண்டறியப்பட்டிருக்கிறது. ஜோடி சேர வேண்டிய இடத்தில் மூன்று பேர் நின்றால் பங்கீடு குழம்பும் என்பதால், அத்தகைய மரத்தில் பதர் மிகுந்திருப்பதை எதிர்பார்க்கலாம்.

ஒரே மரத்துக்குள்ளும் கிளைக்குக் கிளை மாறுமே, அதற்கு என்ன காரணம்? நூற்றுக்கணக்கான வருடம் வாழும் மரம், ஒவ்வொரு கிளையிலும் தனித்தனி மரபணுப் பிறழ்வுகளைச் சேர்த்து வைத்திருக்கும் என்று ஒரு ஊகம் உண்டு. சுவிட்சர்லாந்தில் லோசான் பல்கலைக்கழக வளாகத்தில் நின்ற ஓர் ஓக்கை வைத்து இதைச் சோதித்தார்கள். 1800-இல் நெப்போலியனின் படை அந்த வழியாகப் போனபோது அது இளங்கன்று. அதனால் அதற்கு நெப்போலியன் ஓக் என்றே பெயர். 234 வயதான அந்த மரத்தின் கீழ்க்கிளை ஒன்றிலிருந்தும் மேற்கிளை ஒன்றிலிருந்தும் இலை எடுத்து முழு மரபணுத்தொகுதியைப் படித்தார்கள். 2017-இல் முடிவு வந்தபோது உறுதியான வித்தியாசங்கள் வெறும் 17. இது இலையைப் பற்றிய ஆய்வு, மகரந்தத்தைப் பற்றியது இல்லை. ஆனாலும் கிளைக்குக் கிளை மகரந்தம் மாறினால் பழியை உடனே பிறழ்வின்மேல் போட முடியாது என்பது இதிலிருந்து தெரிகிறது. வெயில் படும் பக்கம், நிழல் பக்கம், எந்தக் கிளை முந்தி மலர்ந்தது, எந்த இலைகள் முன்வருடம் பூச்சிக்கு இரையாயின என்பதையெல்லாம் முதலில் கேட்க வேண்டும்.

மகரந்தப்பை வெடித்துத் துகள் வெளியே வந்த பிறகு இன்னொரு கதை தொடங்குகிறது. இங்கே பதர் என்ற பேச்சு இல்லை, முழுசாக வெளியே வந்த துகள் வழியில் சாவது. துகளின் வெளிச்சுவர் எவ்வளவு வலுவானதாக இருந்தாலும் உள்ளே இருக்கிற சவ்வு மெல்லியது. காற்றில் நீர் இழந்து வறளும். வெயிலின் புறஊதாக் கதிர் முளைக்கும் திறனைக் குறைக்கும். மழையில் நனைந்தால் ஒரேயடியாக நீரை உறிஞ்சி வெடித்துவிடவும் கூடும். ஆகவே காலையில் புதிதாக உதிர்ந்த மகரந்தமும், அதே மரத்தில் பிற்பகல் வரை மஞ்சரியில் ஒட்டிக்கொண்டிருந்த மகரந்தமும் ஒன்றல்ல.

இந்தப் பயணச் சாவு எவ்வளவு முக்கியம் என்பது, ஓக் மகரந்தம் எவ்வளவு தூரம் போய்த் தகப்பனாகிறது என்பதைப் பொறுத்தது. பிரான்சில் ரோபரும் பெட்ரேயாவும் கலந்து வளர்ந்த ஒரு காட்டுத் துண்டில் 1999-இல் வெளியான தந்தைமை ஆய்வில், கொட்டைகளின் மூன்றில் இரண்டு பங்குக்குத் தகப்பன் அந்தத் துண்டுக்கு வெளியே இருந்த மரம். 2011-இல் ரஷ்யாவின் ஒரு தனித்த ஓக் தோப்பைப் பற்றி வந்த ஆய்வு இன்னும் வியப்பானது. அடுத்த ஓக் காடு 80 கிலோமீட்டருக்கு அப்பால்தான், அப்படியிருந்தும் விதைகளில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு வெளியிலிருந்து வந்த மகரந்தத்தில் உண்டானவை. நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வீசும் காற்றில் 80 கிலோமீட்டர் கடக்க நாலரை மணி நேரம் ஆகும். பகல் வெளிச்சத்தில் நாலரை மணி நேரம் மேகத்துக்கும் மண்ணுக்கும் நடுவே மிதந்து, வறண்டு, வெயில் குளித்து, அதற்குப் பிறகும் முளைக்கத் தெம்பு மிச்சமிருக்கும் துகள்கள் இருக்கின்றன என்று அர்த்தம். எந்த மரத்தின் துகளுக்கு அந்தத் தாக்குப்பிடிக்கும் சக்தி அதிகம் என்ற கேள்வி, உதிரும் நேரத்தில் எத்தனை சதவீதம் உயிரோடு இருந்தது என்பதைவிட எனக்குச் சுவாரசியமாகப் படுகிறது. அந்தச் சிவப்பு-பச்சைச் சாயம் இதற்குப் பதிலே சொல்லாது.

இங்கேதான் அளக்கிற கைக்கு வருகிறோம். “உயிர்ப்பு” என்ற ஒரே சொல்லை நான்கு வேறு கேள்விகளுக்குப் போடுகிறார்கள். அலெக்ஸாண்டர் சாயம் கேட்பது: உள்ளே சரக்கு இருக்கிறதா? உள்ளே சரக்கோடு செத்துக் கிடக்கும் துகளையும் அது சிவப்பாகவே காட்டும். டெட்ராசோலியம் உப்பு கேட்பது: உள்ளே நொதிகள் வேலை செய்கின்றனவா? செய்தால் துகள் சிவக்கும். ஃபுளோரசின் டைஅசிட்டேட் என்ற வேதிப்பொருள் இன்னும் ஒரு படி மேலே போகும். நொதி அதை உடைக்க வேண்டும், உடைத்ததை வெளியே கசியவிடாமல் சவ்வு பிடித்துவைக்க வேண்டும், அப்போதுதான் நீல ஒளியில் துகள் பச்சையாக ஒளிரும். கடைசியாக முளைப்புச் சோதனை: குழாய் விடுகிறதா இல்லையா? ஒரே பொடியை நான்கு முறையில் சோதித்தால் நான்கு சதவீதம் வரும், பெரும்பாலும் முளைப்புதான் மிகக் குறைவாக இருக்கும். எனவே ஒருவர் சாயத்தால் அளந்த மரத்தையும் இன்னொருவர் முளைப்பால் அளந்த மரத்தையும் ஒப்பிடவே கூடாது.

முளைப்புச் சோதனைக்கு இன்றும் பலர் கையாள்வது 1963-இல் புரூபேக்கரும் குவாக்கும் வெளியிட்ட கலவை: பத்து சதவீத சுக்ரோஸ், லிட்டருக்கு 100 மில்லிகிராம் போரிக் அமிலம், 300 கால்சியம் நைட்ரேட், 200 மெக்னீசியம் சல்ஃபேட், 100 பொட்டாசியம் நைட்ரேட். குழாயின் நீளம் துகளின் விட்டத்தைத் தாண்டினால் முளைத்ததாக எண்ணுவது வழக்கம். அந்தக் கட்டுரையே இன்னொன்றையும் காட்டியது. துகள்கள் நெருக்கமாகக் கிடந்தால் நன்றாக முளைக்கும், தள்ளித்தள்ளிக் கிடந்தால் முளைப்பு குறையும். காரணம் கால்சியம். ஆக, ஒரு மரத்தின் பொடியைத் தகட்டில் தாராளமாகத் தூவி, மற்றொன்றை மெலிதாகத் தூவினாலே மரங்களுக்குள் ஒரு “வித்தியாசம்” பிறந்துவிடும்!

வறண்ட பொடியை நேராக ஈரக் கலவையில் போடுவதும் ஒரு வழக்கமான தப்பு. வறண்ட சவ்வு திடீரென்று நீரைச் சந்தித்தால் கிழிந்து கசியும், உயிருள்ள துகளும் செத்ததாகக் கணக்கில் சேரும். முதலில் ஈரக் காற்றுள்ள மூடிய பாத்திரத்தில் கொஞ்ச நேரம் வைத்து, மெதுவாக ஈரம் ஏறவிட வேண்டும்.

அப்புறம் எண்ணிக்கை. ஒரு தகட்டில் 200 துகள்களை எண்ணி 120 முளைத்தால் 60 சதவீதம் என்று எழுதுவோம். ஆனால் வெறும் தற்செயலாலேயே அது 53-க்கும் 67-க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். பக்கத்து மரத்துக்கு 66 வந்தால் அது வேறு மரம் என்று நிரூபணம் ஆகாது. ஒரே மரத்தின் நாலு திசையிலிருந்தும் மஞ்சரி எடுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனித் தகட்டில் பார்த்து, மரத்துக்குள்ளேயே எவ்வளவு ஆட்டம் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் மரங்களுக்கிடையே உள்ளதைப் பேச முடியும். அதையும் தாண்டி இன்னொரு வசந்தம் காத்திருக்க வேண்டும். இரண்டு மூன்று வருடம் வரிசை மாறாமல், பின்தங்கிய மரம் பின்தங்கியே நின்றால் அந்த வித்தியாசம் மரத்துடையது என்று நானும் ஒப்புக்கொள்வேன்.

இவ்வளவு பொறுமை எதற்கு என்றால், இதன்மேல் ஒரு பெரிய வேலை நிற்கிறது. 2020-இல் வெளியான ஓக் மரங்களின் சிவப்புப் பட்டியல், உலகில் உள்ள சுமார் 430 ஓக் இனங்களில் 31 சதவீதம் அழியும் ஆபத்தில் இருப்பதாகக் கணித்தது. மற்றப் பல மரங்களைப்போல விதையைக் காயவைத்து உறைபதன அறையில் பத்திரப்படுத்துவோம் என்றால், ஓக் கொட்டை அதற்கு ஒத்துழைக்காது, காய்ந்தால் செத்துவிடும். மகரந்தம் ஒத்துழைக்கும். பக்குவமாக உலர்த்திக் குளிரில் வைத்தால் ஒரு மரத்தின் பொடியை, வேறு நாளில் பூக்கும், வேறு ஊரில் நிற்கும் இன்னொரு மரத்துக்குக் கொண்டுபோகலாம். பத்து இருபது மரங்களே மிஞ்சிய ஓர் இனத்தில், ஒரு மரத்தின் மகரந்தம் மோசம் என்று ஒரே ஒரு நாள் சோதனையை நம்பி ஒதுக்கினால், அந்த மரத்தின் மரபு முழுவதையும் தூக்கி எறிந்ததாகிவிடும்.

அதனால்தான் குப்பியின் மேல் சதவீதத்தை மட்டும் எழுதினால் போதாது. எந்த மரம், எந்தப் பக்கத்துக் கிளை, எந்த நாள், எந்த நேரம், உலர்த்தியது எவ்வளவு, எந்தச் சோதனை என்பதும் இருக்க வேண்டும். குளிரிலிருந்து எடுத்தபின் ஒரு சிட்டிகையை மறுபடி முளைக்கவைத்துப் பார்க்க வேண்டும். பிறகு, முன்கூட்டியே உறை போட்டு மூடி வைத்த பெண் பூக்களின் மேல் மெல்லிய தூரிகையால் தடவி, உறையை மூடிவிட்டு இறங்கி வரலாம். அது சிவப்பு ஓக்காக இருந்தால், அந்தப் பொடி நல்ல பொடிதானா என்பதை அந்த மரம் சொல்ல அடுத்த வருட இலையுதிர்காலம் ஆகும்.